இரண்டாவது தோட்டா

எங்கள் வீட்டில் ஒரு துப்பாக்கி இருந்தது. அதோடு குடித்தனம் நடத்தியது இன்னொரு மாமியாரோடு குடித்தனம் நடத்தியது போலத்தான். எதைப் போட்டால் ஒத்துக்கொள்ளும், எதைப் போட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் என்று பார்த்துப் பார்த்துச் செய்ய வேண்டும். பார்த்துச் செய்தாலும் நல்ல பேர் கிடைக்காது.

என் வீட்டுக்காரர் மலேயாவில் ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவர். ஜப்பான்காரன் அங்கே இறங்குவதற்கு முன்பே ஊர் வந்து சேர்ந்துவிட்டார். அவருடைய துரை சீமைக்குக் கப்பல் ஏறும்போது அவரிடம் கொடுத்துவிட்டுப் போன துப்பாக்கி அது. சமஸ்தானத்தில் அதற்கு லைசென்ஸ் வாங்க அவர் புதுக்கோட்டைக்கு நடந்த நடை தனிக்கதை. கடலைக்காட்டைப் பன்றிகள் ஏர் பிடித்தது மாதிரி உழுதுவிட்டுப் போகிற ஊர் எங்களுடையது. அதைச் சொல்லித்தான் கடைசியில் லைசென்ஸ் வாங்கினார்.

ஊரில் மற்றவர்கள் வைத்திருந்த நாட்டுத் துப்பாக்கிகளில் ஒரு வெடி வெடித்தால் மறுபடியும் மருந்து கிட்டித்து, ரவை போட்டு, சாவகாசமாக நிமிர வேண்டும். அதுவரை பன்றி நின்றுகொண்டா இருக்கும்? எங்கள் வீட்டுத் துப்பாக்கி ஐந்து தோட்டா தின்னும். ஒன்று வெடித்ததும், அந்த உதையிலேயே அதன் குழல் பின்னால் போய்த் திரும்பும். போய்த் திரும்புகிற நேரத்துக்குள் வெறுங்கூட்டை வெளியே எறிந்துவிட்டு அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும். மறுபடி விசையை இழுத்தால் போதும். முதன்முதலில் இதை அவர் சொன்னபோது, மலேயாவில் இருந்து வந்தவர்கள் எல்லோரும் விடுகிற கதைகளில் ஒன்று என்றுதான் நினைத்தேன்.

எல்லாம் சரி, அந்த உதை சரியாக இருக்க வேண்டும். தோட்டா வலுவாக இருந்தால் குழல் வேகமாகப் பின்னால் வந்து மோதும். நாளடைவில் கட்டை பிளந்துவிடும். தோட்டா சவலையாக இருந்தால் குழல் பாதி வழியில் நின்றுவிடும். வெறுங்கூடு வெளியே போகாமல் சிக்கிக்கொள்ளும். அதற்காக உள்ளே ஒரு வளையம் வைத்திருந்தான் சீமைக்காரன். குழலுக்கு அடியில் தோட்டா நிற்கிற குழாயைச் சுற்றி ஒரு சுருள் உண்டு. வளையத்தைச் சுருளுக்கு மேலே போட்டால் வண்டிச் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்தது போல இறுக்கிப் பிடிக்கும். அது கனத்த தோட்டாவுக்கு. சுருளுக்குக் கீழே போட்டால் வளையம் சும்மா கிடக்கும். அது இலேசான தோட்டாவுக்கு. தோட்டாவைப் பார்த்து வளையத்தை மாற்றத் தெரியாதவன் இந்தத் துப்பாக்கியைத் தொடக்கூடாது என்று துரை சொல்லிக் கொடுத்திருந்தாராம்.

சண்டைக் காலத்தில் தோட்டாவுக்கு எங்கே போவது? திருச்சிக் கடைகளில் கையை விரித்துவிட்டார்கள். பழைய கூடுகளை எடுத்துப்போய் வாணம் செய்கிறவரிடம் கொடுத்தார் இவர். அவர் தன் மருந்தை அடைத்து, பெரிய ரவை போட்டு, வாயை மெழுகால் அடைத்துக் கொடுத்தார். பார்க்கப் புதுத் தோட்டா மாதிரியே இருந்தது. கோயில் திருவிழாவில் அவர் விடுகிற வாணமே பாதி ஏறிப் புளியமரத்தில் இறங்கும். அவர் அடைத்த தோட்டா எப்படி இருக்கும் என்று நான் அப்போதே கேட்டேன். யார் காதில் விழுந்தது?

மாசி சிவராத்திரி கழிந்ததும் எங்கள் ஊரில் பாரிவேட்டை. ஆண்கள் எல்லோரும் அய்யனாரைக் கும்பிட்டுவிட்டு, தப்படித்துக்கொண்டு சித்தன்னவாசல் பக்கத்துப் பொட்டலில் இறங்கி, சூரைப் புதரையும் காரைப் புதரையும் கலைப்பார்கள். கலைந்த பன்றி ஓடை வழியாகத்தான் வெளியே வரும். அந்த ஓடைவாயில் துப்பாக்கியோடு ஒருவரும், அவர் பக்கத்தில் வேல்கம்போடு ஒருவரும் நிற்பார்கள். துப்பாக்கி என் வீட்டுக்காரருடையது. முதல் வேல் எங்கள் பிறந்த வீட்டு உரிமை. நான் வாழ்க்கைப்பட்டது உள்ளூரிலேயே. அதனால் என் புருசனும் என் கூடப்பிறந்த ஒரே தம்பியும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள்.

வாணக்காரர் தோட்டா போட்ட அந்த வருஷம், முதல் வெடி வெடித்தது. பன்றிக்குப் பட்டது, சாகவில்லை. இரண்டாவது வெடி வரவில்லை. வெறுங்கூடு பாதியில் சிக்கிக்கொண்டது. பன்றி என் தம்பியின் தொடையைக் கொம்புப் பல்லால் கிழித்துவிட்டுப் போய், ஓடைக்கு அப்பால் விழுந்து செத்தது. கட்டிலில் போட்டுத் தூக்கிக்கொண்டு புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். பிழைத்தான். ஆனால் அந்தக் கால் பிறகு நீட்டி மடக்க வரவில்லை. விந்தி விந்தித்தான் நடந்தான்.

அடுத்த மாசி நெருங்க நெருங்க எனக்குச் சோறு இறங்கவில்லை. விந்துகிறவன் ஓடைவாயில் நின்று என்ன செய்வான்? விலகி ஓடக்கூட முடியாதே. இந்த ஒரு வருஷம் வேறு யாராவது வேல் பிடிக்கட்டும் என்று அவன் கையைப் பிடித்துக் கெஞ்சினேன். விட்டால் பங்காளிகள் பிடித்துக்கொள்வார்கள், பிறகு நம் வீட்டுக்குத் திரும்பாது என்றான். அதுவும் உண்மைதான். எங்கள் பக்கத்தில் உரிமை என்பது வழுக்கு மரம் மாதிரி. ஒரு தடவை கை நழுவினால் கீழேதான்.

அவனை நிறுத்த முடியாது என்று தெரிந்ததும் என் கோபமெல்லாம் துப்பாக்கி மேல் திரும்பியது. வேட்டைக்கு முன்னால் அதைச் சுட்டுப் பார்த்துச் சரிசெய்யாவிட்டால் கிணற்றில் போட்டுவிடுவேன் என்றேன். அவர் நழுவிக்கொண்டே இருந்தார். தோட்டாவை வீணாக்கக் கூடாது என்றார், தோள் வலிக்கிறது என்றார், வெள்ளிக்கிழமை என்றார். துரை கொடுத்த சாமானைக் குறை சொன்னால் அவருக்கு ரோசம் வருகிறது என்று நினைத்து, இன்னும் நாலு வார்த்தை சூடாகப் பேசினேன்.

ஒரு வழியாகக் காரைக்குடியில் ஒருவர் வீட்டுப் பரணில் கிடந்த சீமைத் தோட்டாப் பெட்டி ஒன்று வந்து சேர்ந்தது. எல்லாம் கனத்த தோட்டா, பன்றிக்கென்றே செய்தது. ஆனால் காகிதக் கூடு. எத்தனை ஐப்பசி, கார்த்திகை பார்த்ததோ, ஈரத்தில் உப்பியிருந்தது. சுளகில் பரப்பி வடகத்துக்குப் பக்கத்தில் வெயிலில் வைத்தேன். காக்காய் தூக்காமல் இருக்கக் கம்போடு காவல் இருந்தேன். காய்ந்த பிறகு அவர் குழலைத் தனியே கழற்றிக் கொடுத்தார். ஒவ்வொன்றாக அதன் வாயில் விட்டுப் பார்த்தேன். வழுக்கிக்கொண்டு உள்ளே போனது நல்லது. இடுப்புப் பருத்து நின்றது ஆகாதது. பெண் பார்க்க வந்தவர்கள்கூட அப்படிச் சோதித்திருக்க மாட்டார்கள்.

கண்மாய் வற்றிக் கிடந்தது. உள்வாயில் ஒரு மண்மேட்டைப் பார்த்து அவர் சுட, வெறுங்கூடு எங்கே விழுகிறது என்று நான் பார்த்துப் பொறுக்கினேன். எட்டிப் போய் விழுந்தால் தோட்டாவும் வளையமும் ஒத்துப்போகின்றன. காலடியிலேயே தொப்பென்று விழுந்தால் சோப்ளாங்கி. வாணக்காரர் தோட்டா ஒன்றை வளையம் மேலே இருக்க வைத்துச் சுடச் சொன்னேன். அது அப்படியே சிக்கிக்கொண்டு நின்றது. போன வருஷம் நடந்தது என் கண்முன்னே மறுபடி நடந்தது. வளையத்தைக் கீழே போட்டுச் சுட்டதும் வாணக்காரரின் இன்னொரு தோட்டாவின் கூடு வெளியே வந்து விழுந்தது. சீமைத் தோட்டாவுக்கு வளையத்தை மேலே போட்டபோது கூடுகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பறந்தன.

ஒரு நாள் மட்டும் நல்ல தோட்டாவே சிக்கியது. காற்றடித்துப் புழுதி பறந்த நாள் அது. முன்கட்டையைக் கழற்றிப் பார்த்தார். சுருள் ஓடுகிற குழாயின் மேல் புழுதி படிந்து, குழலை ஓடவிடாமல் பிடித்திருந்தது. துடைத்து, எண்ணெய்த் துணியால் ஒரு இழுப்பு இழுத்ததும் சரியாகிவிட்டது. அதை நான் மனதில் முடிந்து வைத்துக்கொண்டேன்.

இவ்வளவு நடந்தும் ஒன்று எனக்கு விளங்கவில்லை. துப்பாக்கி ஒழுங்காக வேலை செய்யச் செய்ய அவர் முகம் கறுத்துக்கொண்டே போனது. கூடு எட்டிப் போய் விழுந்தால் நான் சிரிக்கிறேன், அவர் வேர்த்துப் போய் நிற்கிறார். வீட்டுக்கு வந்த தம்பியிடம் அன்று சாயங்காலம் திரும்பத் திரும்பச் சொன்னார்:

"மாப்ள, நீ எனக்கு வலப்பக்கமா நில்லு. என்ன நடந்தாலும் எனக்கு முன்னால மட்டும் வந்துராத."

தம்பி சிரித்தான். வேல் பிடிக்கிறவன் முன்னால் போகாமல் பின்னால் நின்று கோலமா போடுவான் என்று கேட்டான். அவர் சிரிக்கவில்லை. அளவுக்கு மீறிப் பயப்படுகிறாரே என்று எனக்கே சலிப்பாக இருந்தது.

வேட்டை நாள் காலையில் அய்யனார் கோயிலில் கூட்டம். வேல்கம்பு, அரிவாள், வளரி, நாட்டுத் துப்பாக்கி எல்லாம் வாழையிலையில் சாமிக்கு முன்னால் கிடந்தன. நாங்கள் பெண்கள் பொங்கல் பானைப் பக்கம் நின்றோம். ஆயுதத்தைச் சாமிக்கு முன்னால் வைத்துவிட்டால் பெண்கள் தொடக்கூடாது, குறுக்கேயும் போகக்கூடாது. பூசாரி சந்தனக் கிண்ணத்தோடு வந்தவர் எங்கள் துப்பாக்கியிடம் நின்றுவிட்டார்.

"போன வருசம் இது ஏன் சிக்குச்சு? வெளிய பொட்டு வச்சோம், உள்ள வைக்கல. உள்ள இருக்கறதும் சாமியப் பாக்கணும்ல. கழத்துங்க."

கூட்டம் முழுவதும் ஆமாம் என்றது. எங்கள் ஊரில் ஏருக்கு வைத்தால் நுகத்தடிக்கும் வைக்க வேண்டும், வண்டிக்கு வைத்தால் அச்சாணிக்கும் வைக்க வேண்டும். மூட்டுக்கு மூட்டுப் பொட்டு வைத்தால்தான் சாமி ஏற்றுக்கொள்ளும். ஒரு வருஷமாக ஊர் யோசித்துக் கண்டுபிடித்த காரணம் இது. அவர் முன்கட்டையையும் குழலையும் கழற்றி வைத்தார். பூசாரி பக்திக்குக் குறைவில்லாதவர். சுருள் ஓடுகிற அந்தக் குழாயின் மேல் மூன்று விரலால் சந்தனத்தை அள்ளிப் பட்டை பட்டையாகப் பூசினார். மேலே குங்குமம் வைத்தார், அதன் மேல் திருநீற்றையும் தூவினார். மாசி வெயில். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சந்தனம் காய்ந்து வெளுத்தது.

ஒரு சிட்டிகைப் புழுதிக்கே மூச்சு முட்டிய துப்பாக்கி அது. துடைக்கச் சொல்லலாமா? சாமி சந்தனத்தைத் துடைத்தவர் என்று பேர் வந்துவிட்டால், பிறகு அந்த வருஷம் ஊரில் எந்த மாடு செத்தாலும் பழி எங்கள் வீட்டு வாசலுக்கு வரும். துடைக்காவிட்டால் இரண்டாவது தோட்டா வராது. தம்பி அந்தப் பக்கம் வேல்கம்பை ஊன்றிக்கொண்டு, நல்ல காலில் நின்று யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தான்.

பொங்கல் பொங்கிக் குலவை போட்டார்கள். அடுப்பில் எரிகிற தீயைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் அது தோன்றியது. பிடிப்பு அதிகமாகிவிட்டது, அவ்வளவுதானே? சந்தனமே வளையத்தின் வேலையைச் செய்யும். அப்படியென்றால் வளையம் எதற்கு? தோட்டாவுக்குத் தக்க வளையம் போடுவது போல, சந்தனத்துக்கும் தக்கபடி வளையம் போட வேண்டியதுதான்.

ஒரு செம்புத் தண்ணீரை எடுத்துக்கொண்டு, ஆயுதங்களுக்குக் குறுக்கே போகாமல் சுற்றிக்கொண்டு அவர் பக்கம் போனேன். அவர் உட்கார்ந்து துப்பாக்கியைப் பூட்ட ஆரம்பித்திருந்தார்.

"ஏங்க, வளையத்தைக் கீழ போட்டுப் பூட்டுங்க."

"கனத்த தோட்டா. கட்டை பொளந்துரும்."

"கட்டை பொளந்தா வேற கட்டை செதுக்கிக்கலாம்."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு தம்பி நின்ற பக்கம் பார்த்தார். தண்ணீரைக் குடித்தார். துண்டை மறைவாகப் போட்டுக்கொண்டு சுருளை உருவி, வளையத்தைக் கீழே போட்டுப் பூட்டினார். சந்தனம் அப்படியே இருந்தது, சாமிக்கும் குறையில்லை.

அவர்கள் போன பிறகு பெண்கள் எல்லோரும் இலை நறுக்கவும் வெஞ்சனம் வைக்கவும் உட்கார்ந்தார்கள். நான் கண்மாய்க் கரையில் ஏறி நின்றேன். தூரத்தில் தப்புச் சத்தமும் ஆட்கள் கூச்சலும் கேட்டன. மனம் ஒரு பக்கம் கணக்குப் போட்டபடி இருந்தது. சந்தனம் குலுங்கி உதிர்ந்திருந்தால்? அப்போது பிடிப்பே இல்லாமல் குழல் வந்து மோதுமே, கட்டை கையிலேயே வெடித்தால்? நான் யார் இதெல்லாம் சொல்ல? பட்டப்படிப்பா படித்திருக்கிறேன்? கண்மாயில் நாலு கூடு பொறுக்கியவள்தானே! அய்யனாரே, என் புத்தியை நம்பாதே, நீயே பார்த்துக்கொள் என்று கும்பிட்டேன்.

வெடிச் சத்தம் வந்தது.

அடுத்ததற்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வரவில்லை. தப்புச் சத்தம் நின்றுபோயிற்று. ஆட்கள் கூச்சல் ஒரே இடத்தில் குவிந்தது. இரண்டாவது வெடி வரவே இல்லை. சிக்கிக்கொண்டது, சந்தனம் பிடித்துக்கொண்டது, என் தம்பி போய்விட்டான் என்று அந்தக் கரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அழுகைகூட வரவில்லை.

ஆனால் அவர்கள் பன்றியைக் கம்பில் கட்டித் தூக்கிக்கொண்டு வந்தார்கள். முன்னால் என் தம்பி விந்தி விந்தி வந்தான், வேல் நுனியில் ரத்தத்தோடு. என்னைப் பார்த்ததும் தூரத்தில் இருந்தே கத்தினான்:

"அக்கா, மச்சான் துப்பாக்கி இந்த வருசமும் மக்கர் பண்ணிருச்சு. நம்ம வீட்டு வேல்தான் முடிச்சுச்சு."

ஊரே சிரித்தது. வெடி பட்ட பன்றி முட்டிபோட்டு எழுந்து வந்ததாம். இவன் பாய்ந்து போய் வேலை இறக்கினானாம். பூசாரி அடுத்த வருஷம் துப்பாக்கிக்குத் தனியாகச் சேவல் அறுக்க வேண்டும் என்றார். எனக்குத் தம்பியைக் கண்ட சந்தோஷம் ஒரு பக்கம், என் கணக்குப் பொய்த்துப் போன அவமானம் ஒரு பக்கம். எப்போதும் கூட்டத்துக்கு முன்னால் வருகிற என் வீட்டுக்காரர் அன்று எல்லோருக்கும் பின்னால், துப்பாக்கியை வானத்தைப் பார்க்கப் பிடித்துக்கொண்டு, யாரையும் பக்கத்தில் விடாமல் வந்தார்.

கோயிலில் நிற்காமல் நேரே வீட்டுக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன். கொல்லைப்பக்கம் போய்ச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டு துப்பாக்கியின் பக்கவாட்டில் தோட்டாவை வெளியே தள்ளுகிற கைப்பிடியை இழுத்தார். சிக்கிய வெறுங்கூட்டை நெம்பி எடுக்கப்போகிறார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு முழுத் தோட்டா துள்ளி வந்து என் காலடியில் விழுந்தது. எடுத்துப் பார்த்தேன். அதன் பின்பக்கத்தில், ஊசி குத்தி வெடிக்கிற கேப்பில், ஊசி பட்ட தடமே இல்லை. துப்பாக்கி சிக்கவில்லை. முதல் கூட்டை எறிந்துவிட்டு, இரண்டாவது தோட்டாவை ஏற்றிக்கொண்டு, தயாராகத்தான் நின்றிருக்கிறது.

"ஏங்க, பெறகு ஏன் சுடல?"

அவர் சுவரைப் பார்த்தபடியே சொன்னார்.

"மாப்ள முதுகு குறுக்க வந்துச்சு."

சரிதானே, நல்லவேளை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவரே சொன்னார்.

"போன வருசமும் வந்துச்சு. அப்ப நான் இழுத்துட்டேன்."

அந்தக் கொல்லையில், அந்த முழுத் தோட்டாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற நிலை இன்றைக்கும் எனக்கு மறக்கவில்லை. வாணக்காரரின் சவலைத் தோட்டா மட்டும் ஒழுங்காக உதைத்திருந்தால், வெறுங்கூடு மட்டும் வெளியே விழுந்திருந்தால், என் புருசன் கையாலேயே என் தம்பி போயிருப்பான். எந்தச் சிக்கலை நான் ஒரு வருஷம் திட்டித் தீர்த்தேனோ, அதுதான் அவனை என்னிடம் திருப்பிக் கொடுத்திருக்கிறது. அந்தச் சிக்கலைத்தான் நான் வடகம் காயவைக்கிற வெயிலில் காவல் இருந்து, கண்மாயில் கூடு பொறுக்கி, மெனக்கெட்டுப் போக்கியிருக்கிறேன். கூடு எட்டிப் போய் விழுந்த ஒவ்வொரு தடவையும் அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்தபோதுதான் எனக்கு அழுகை வந்தது. இரண்டு பேரும் மாட்டுத்தொழுவத்தின் நிழலில் உட்கார்ந்து அழுதோம். வெளியே தப்புச் சத்தம் நெருங்கிக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு எந்தப் பாரிவேட்டைக்கும் அவர் ஒரே ஒரு தோட்டாவோடுதான் போனார். ஐந்து தின்கிற துப்பாக்கிக்கு ஒன்றா என்று ஊரில் கேட்டார்கள். சண்டைக் காலம், தோட்டா கிடைக்கவில்லை என்று நான்தான் பதில் சொன்னேன். சண்டை முடிந்த பிறகும் அதையே சொன்னேன். யாரும் நம்பியதாகத் தெரியவில்லை, நானும் விட்டுக்கொடுக்கவில்லை.

தம்பிக்கு நாங்கள் சொல்லவே இல்லை. பேரன் பேத்தி எடுத்த பிறகும், விருந்துக்கு வந்தால் பந்தியில் உட்கார்ந்துகொண்டு தொடைத் தழும்பைத் தட்டிக் காட்டுவான். மச்சான் துப்பாக்கி மட்டும் ஒழுங்காக இருந்திருந்தால் இந்தத் தழும்பு ஏது என்று எல்லோரையும் சிரிக்க வைப்பான். எதிரிலையில் உட்கார்ந்திருக்கிற அவர் தலையைக் குனிந்துகொண்டு, "ஆமா மாப்ள" என்பார். நான் போய் அவர் இலையில் இன்னொரு கரண்டி சோறு வைப்பேன்.